குளிசைப் பையை யாரிடம் கொடுத்தீர்கள்?

கேள்வி: அக்கா, என் அப்பாவுக்கு 71 வயது. இருதயப் பலவீனம், சீனி வருத்தமும் உண்டு. பொங்கலுக்குப் பிறகு மூன்று தரம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு தரமும் ஒரு கிழமை வாட்டில் இருந்தார். துண்டு வெட்டி வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை போவதற்குள் திரும்பவும் அதே கதை. குளிசை ஒழுங்காகத்தான் போகிறது. மூத்த மகள் தரம் எட்டுப் படிக்கிறாள், இங்கிலீஷ் வாசிப்பாள் என்பதால் அவளே எடுத்துக் கொடுக்கிறாள். சுகமாகாமலே அனுப்பிவிடுகிறார்களா? கட்டாரில் இருக்கும் தம்பி, காசு அனுப்புகிறேன், கொழும்பில் தனியாரிடம் காட்டுங்கள் என்கிறான். என்ன செய்யட்டும்?
— ஒரு மகள், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, கொழும்பு இருக்கட்டும். தரம் எட்டுப் படிக்கிற பிள்ளையிடம் எதை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் அந்த வரியை எழுதினீர்களா?

இப்படியான கடிதங்கள் எனக்கு நிறைய வரும். வெல்லாவெளியில் இருந்து வரும், திருக்கோவிலில் இருந்து வரும். எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி மேல் கோபம் இருக்கும். வீட்டில் குளிசைக்குப் பொறுப்பு யார் என்பது மட்டும் இருக்காது. நீங்கள் யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள், நான் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்று சொல்லட்டுமா? துண்டு வெட்டும்போது வாட்டில் தருகிற டயக்னோசிஸ் கார்ட் ஒன்று, அதில் அவசரமாகக் கிறுக்கிய எழுத்து. பி.டி. என்றால் நாளைக்கு இரண்டு தரம், நொக்டே என்றால் இரவில். இது எந்த இங்கிலீஷ் பாடத்தில் வருகிறது? பிறகு குளிசைப் பை இரண்டு: வாட்டில் தந்தது ஒன்று, முந்தி கிளினிக்கில் தந்து மிஞ்சியது ஒன்று. ஒரே மருந்து ஒரு பையில் வெள்ளையாகவும் மற்றதில் மஞ்சளாகவும் இருக்கலாம். இரண்டையும் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகும். வாட்டில் நிறுத்திய குளிசை பழைய பையில் கிடந்தால் அதுவும் வயிற்றுக்குள் போகும்.

சரி, பிள்ளை கெட்டிக்காரி, பிழையில்லாமல் எடுத்து நீட்டுகிறாள் என்றே வையுங்கள். அம்மப்பா வேண்டாம் என்றால்? சலம் போகிற குளிசையைப் போட்டால் அடிக்கடி எழுந்து ஓட வேண்டும். கோயிலுக்கோ செத்த வீட்டுக்கோ போகிற நாளில் நம்முடைய கிழவர்மார் அதைத் தொடவே மாட்டார்கள். இரண்டு நாள் விட்டால் நீர் தங்கும், கால் வீங்கும், நெஞ்சுக்குள் ஏறும். வெளியே போகிற நாளில் அதை எத்தனை மணிக்கு மாற்றிப் போடலாம் என்று கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அப்புறம் சோற்றுக்குக் கருவாடு கேட்பார், ஜாடி மீன் கேட்பார், இரண்டிலும் உப்புத்தான். முழங்கால் வலி என்று பாமசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிவரச் சொல்வார். அது உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும். இருதயப் பலவீனக்காரருக்கு ஆகவே ஆகாது.

இதற்கெல்லாம் 'ஏலாது' என்று அம்மப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பேத்தியால் முடியுமா? மகளால் முடியும். மகள் சத்தம் போடலாம், சட்டியைத் தூக்கி உள்ளே வைக்கலாம், அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. பேத்தி கருவாட்டைப் பரிமாறிவிட்டுப் பேசாமல் இருப்பாள். பிறகு இரவில் அவருக்கு மூச்சு இழுக்கும்போது, நான் கொடுத்ததில்தான் பிழையோ என்று ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருப்பாள். அதை அவளிடம் கேட்டீர்களா?

இனி உங்கள் கேள்வி. சுகமாகாமல் அனுப்புவதும் நடக்கும், நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது சுகமாகி வீட்டுக்கு வருகிற வருத்தம் இல்லை. நீர் இறங்கி மூச்சு சீரானால் அனுப்புவார்கள், மிச்ச வைத்தியம் வீட்டில்தான். யார் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவர் என்று பார்க்கக் கனடாவில் 2010இல் ஒரு கணக்குமுறை வந்தது, லேஸ் என்பார்கள். எத்தனை நாள் வாட்டில் கிடந்தார், அவசரமாகக் கொண்டுவரப்பட்டவரா, வேறு என்ன வருத்தங்கள், முந்திய ஆறு மாதத்தில் எத்தனை தரம் அவசரப் பிரிவுக்கு வந்தார் என்று நாலு விஷயம் பார்க்கும். உங்கள் அப்பா நாலிலும் புள்ளி வாங்குவார். அப்படிப்பட்டவரைத்தான் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் விட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரச காப்புறுதியில் உள்ளவர்களைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் திரும்பிவந்து படுத்திருந்தார். சத்திரசிகிச்சை இல்லாமல் மருந்தோடு வீடு போய்த் திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு, இடையில் ஒரு வைத்தியரைப் போய்ப் பார்த்ததற்கான பில்கூட இல்லை. அங்கே அதற்குக் காசு. இங்கே கிளினிக் இலவசம், குளிசையும் இலவசம். உங்கள் அப்பாவின் அடுத்த கிளினிக் திகதி என்ன? கடிதத்தில் இல்லை. மகளைக் கேளுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். பெற்றவர்கள் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். அது நல்ல வழக்கம் என்று நம்புகிறவள் நான், பழங்காலத்துப் பேச்சு என்று யார் சிரித்தாலும் சரி. வீட்டை வாங்கியவள் கிளினிக் கொப்பியையும் வாங்க வேண்டும். வேலைக்குப் போகிறேன் என்பீர்கள். போங்கள். காலைக் குளிசையைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மத்தியானத்துக்கு உங்கள் கணவரோ அம்மாவோ பொறுப்பு, இரவுக்குத் திரும்ப நீங்கள். பிள்ளை அம்மப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்துக் காட்டட்டும், அது போதும்.

இன்றைக்கே கார்டையும் இரண்டு பைகளையும் உங்கள் கைக்கு எடுங்கள். கிளினிக்குக்குப் பழைய பையையும் கொண்டுபோய் மேசையில் கொட்டி, எதைப் போடுவது, எதை எறிவது என்று நேரே கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். திகதி தள்ளியிருந்தால் அதுவரை பொறுக்காமல் போங்கள்.

தம்பியின் காசில் முதலில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்குங்கள். காலையில் சலம் கழித்த பிறகு, தேத்தண்ணீர் குடிக்க முன், அப்பாவை ஏற்றி எடையைக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கவில்லை என்றாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். படுக்க முடியாமல் எழுந்திருந்து மூச்சு வாங்கினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், ஆட்டோ தேடி ஓட வேண்டாம். கொழும்புக்குத்தான் போவது என்றால் அந்தக் கொப்பியோடு போங்கள், தம்பி லீவில் வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு. எவ்வளவு பெரிய வைத்தியர் என்றாலும், என்ன குளிசை போடுகிறார், யார் கொடுக்கிறது என்று கேட்காமல் விடமாட்டார்.