விசா முடிந்துவிட்டது, நான் இங்கே இருக்கலாமா?

அமெரிக்காவில் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: பாஸ்போர்ட்டில் உள்ள விசா போன மாதம் காலாவதி ஆகிவிட்டது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. சென்னைக்கு ஓடி வந்து புதுப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். அந்த விசா அமெரிக்காவுக்குள் நுழைவதற்குத்தான். நுழைந்த பிறகு உங்களைக் காப்பாற்றுவது ஐ-20 (கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஒழுங்கான படிப்பு மூன்றும். ஐ-20இல் உள்ள முடிவுத் தேதியை மட்டும் கவனியுங்கள். படிப்பு இழுக்கும் என்று தெரிந்தால் அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்பு வாங்கிவிட வேண்டும். ஊருக்குப் போனால்தான் திரும்பி வரப் புது விசா தேவைப்படும்.

கேள்வி: இளநிலை இரண்டாம் ஆண்டு, சரியாக 12 கிரெடிட். கால்குலஸ் காலை வாருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் டிராப் செய்யலாம் என்று போர்ட்டல் காட்டுகிறது. செய்துவிடட்டுமா?

அந்தப் பட்டனைத் தொடாதீர்கள், தம்பி. போர்ட்டலுக்கு உங்கள் விசா பற்றிக் கவலையில்லை. "உறுதியா?" என்று ஒரு தடவை கேட்கும், அவ்வளவுதான். இளநிலை மாணவருக்குப் பருவத்துக்கு 12 கிரெடிட் கட்டாயம். டி.எஸ்.ஓ. (வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) அனுமதி தராமல் ஒன்பதுக்கு இறங்கினால் விசா நிலை மீறல். செவிஸ் எனும் அரசின் வெளிநாட்டு மாணவர் தரவுத்தளத்தில் உங்கள் பதிவையே முடித்துவிடலாம். பிறகு போய்க் காரணம் சொன்னால் எடுபடாது, அனுமதி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

குறைந்த கிரெடிட்டுக்கு விதியில் இடம் உண்டு, ஆனால் வாசல் சிறியது. ஆங்கிலத்தில் ஆரம்பகாலச் சிரமம், இங்குள்ள கற்பித்தல் முறை பழகாதது, தகுதிக்கு மீறிய வகுப்பில் தவறாகச் சேர்க்கப்பட்டது போன்ற காரணங்களுக்கு, ஒரு பட்டத்துக்கு ஒரே முறை. அப்போதும் பாதிப் பாடமாவது எடுக்க வேண்டும். உடல்நலக் காரணம் என்றால் மருத்துவர் கடிதத்தோடு மொத்தம் 12 மாதம் வரை கிடைக்கும். "ஃபெயில் ஆகிவிடுவேன்" என்பது மட்டும் காரணமாகாது. உண்மையில், வகுப்புக்குப் போய் எஃப் கிரேடு (ஃபெயில்) வாங்கினால் ஜி.பி.ஏ. அடி வாங்கும், அதனால் மட்டும் விசா நிலை போகாது. பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். இன்னொன்று: ஆன்லைன் பாடத்தால் எண்ணிக்கையைச் சரிக்கட்ட நினைத்தால், ஒரு பருவத்தில் ஒரே ஒரு பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே கணக்கில் வரும்.

கேள்வி: இந்திய மளிகைக் கடையில் வார இறுதியில் வேலை, கையில் காசு. பேரே எழுதுவதில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. பேர் எழுதவில்லை என்றால் வேலை செய்யவில்லை என்று ஆகாது. கேம்பஸுக்குள் வேலை என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். இரண்டு வேலை பார்த்தாலும் கூட்டித்தான் 20. வெளியே அனுமதியில்லாத வேலை எல்லாமே மீறல், நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி செய்வதும் சேர்த்து. கிரெடிட் குறைந்து நிலை இழந்தவர்கூட ஐந்து மாதத்துக்குள் ஐ-539 என்ற குடிவரவு விண்ணப்பம் போட்டு மீட்டெடுக்க முயலலாம். அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு அந்தக் கதவும் மூடிவிடும். வாடகைக்குப் பணம் போதவில்லை என்றால் டைனிங் ஹால், நூலக வேலைகளுக்கு மனு போடுங்கள். சம்பளம் குறைவுதான், தூக்கம் வரும்.

கேள்வி: வீடு மாறினேன். யாரிடம் சொல்ல வேண்டும்?

10 நாளுக்குள் கல்லூரியிடம். பெரும்பாலும் போர்ட்டலில் முகவரியைத் திருத்தினால் போதும்.

கேள்வி: டிசம்பரில் அக்கா கல்யாணம். ஐ-20இல் பழைய கையெழுத்து இருக்கிறதே?

திரும்பி வருவதற்காக டி.எஸ்.ஓ. ஐ-20இல் போடும் பயணக் கையெழுத்து ஒரு வருடம் செல்லும். ஓபிடியில் (படிப்பு முடித்தபின் அந்தத் துறையில் வேலை செய்யும் அனுமதி) இருந்தால் ஆறு மாதம்தான். தேர்வு வாரத்தில் டி.எஸ்.ஓ. அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும், நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மே மாதம் எம்.எஸ். முடிகிறது. ஓபிடிக்கு எப்போது விண்ணப்பிப்பது?

முடிவுத் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை. டி.எஸ்.ஓ. பரிந்துரைத்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அனுமதி தொடங்கிய பிறகு மொத்தம் 90 நாள் வேலையில்லாமல் இருக்கலாம். வேலை கிடைத்ததும் அதைப் பதிவும் செய்யுங்கள். பதியாவிட்டால் அலுவலகம் போய்வந்தாலும் அந்த நாட்கள் வேலையில்லாக் கணக்கில் ஓடும்.