வருமானம் பாதியாகிவிட்டது, மதுரையில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது?

முதலில் பத்து வட்டிக்குக் கை நீட்டாதீர்கள். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் என்றால், 10,000 வாங்கியவர் ஒரே வருடத்தில் 12,000 வட்டி கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். வேறு வழியில்லையா, கூட்டுறவு வங்கியில் நகையை வையுங்கள், எவ்வளவோ மேல்.

அப்புறம் ரேஷன். கௌரவம் பார்க்க வேண்டாம். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. புழுங்கலரிசியை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, ஊறவைத்து, உளுந்தோடு ஆட்டிப் பாருங்கள். இட்லி நன்றாகவே வரும்.

காய்கறிக்கு அண்ணா நகர் உழவர் சந்தை. 1999-ல் தமிழ்நாட்டில் முதலில் திறந்தது அதுதான். விலைப்பலகையைப் பார்த்து, அன்றைக்கு மலிந்த காயையே வாங்குங்கள்.

வாடகை தள்ளிப்போகும் என்றால், தேதிக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் பெரும்பாலானவர்கள் பொறுப்பார்கள்.