அழும்போது தோளில் வைக்கப்படும் கை

கேள்வி: அம்மா இறந்த பின்னர் 6 மாதங்களாக உளவளத்துணைக்குப் போய்வருகிறேன். உளவளத்துணையாளர் என் அப்பாவின் வயதுடையவர். நான் அழும்போது கையைப் பிடித்துத் தேற்றுவார். அண்மையில் இருமுறை விடைபெறுகையில் அணைத்துக்கொண்டார். மனம் கூசுகிறது. நல்ல மனிதரைத் தவறாக நினைக்கிறேனோ என்ற பயமும் இருக்கிறது. (வாசகி, கோண்டாவில்)

பதில்: உங்கள் கூச்சத்தை முதலில் நம்புங்கள், அவர் கெட்டவர் என்று தீர்மானித்த பிறகுதான் அதைச் சொல்லலாம் என்றில்லை.

நம் ஊர்ச் செத்தவீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவது மிகப் பெரிய மருந்து என்பதை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அங்கே இருவரும் துக்கக்காரர்கள். உளவளத்துணை அறையிலோ நீங்கள் மட்டுமே உங்கள் வாழ்வைத் திறந்து வைக்கிறீர்கள், அவரைப் பற்றி உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது, வேண்டாம் என்று சொன்னால் அவருடைய உதவி நின்றுவிடுமோ என்ற அச்சமும் உங்களிடமே இருக்கிறது. ஆகவே எல்லையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக்கோவை, சிகிச்சை நடைபெறும் காலத்திலும் அது முடிந்து குறைந்தது 2 ஆண்டுகளுக்கும் பாலுறவை முற்றாகத் தடைசெய்கிறது. ஆறுதலுக்காகத் தொடுவதை அது தனியே தடைசெய்யவில்லை. அதனாலேயே, தொடுவதற்கு முன் கேட்டாரா, மறுக்க உங்களுக்கு இடமிருந்ததா, அந்தத் தொடுகை உங்கள் தேவைக்கா அவருடைய தேவைக்கா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. போரில் அடியும் தடுப்புக்காவலும் கண்ட உடல்கள் நிறைந்த இந்த மண்ணில், எதிர்பாராத ஒரு கை பழைய பயத்தை எழுப்பிவிடக்கூடும் என்பதால், கேட்காமல் தொடுவதை நான் ஒருபோதும் சரியென்று சொல்லமாட்டேன்.

அடுத்தமுறை அமர்வு தொடங்கும்போதே, அழுகை வருவதற்கு முன்னரே, "சேர், நான் அழேக்க என்னைத் தொடாதேங்கோ, எனக்கு அது சரியாப்படேல்ல" என்று சொல்லிப்பாருங்கள். பயிற்சி பெற்றவர் மன்னிப்புக் கேட்டு நிறுத்துவார். உங்களுக்கு எப்படி இருந்தது என்று பேசவும் இடம் தருவார். மனம் நொந்ததாகக் காட்டினாலோ, "மகள் மாதிரித்தானே" என்று சமாதானம் சொன்னாலோ, வெளியில் சொல்ல வேண்டாம் என்றாலோ, அந்த அறைக்குத் திரும்பிப் போகாதீர்கள். இரகசியம் காப்பது அவருடைய கடமை, உங்களுடையது அல்ல. அங்கு நடந்ததை நீங்கள் யாரிடமும் சொல்லலாம். நேரில் சொல்லத் துணிவு வராவிட்டால் கடிதமாகக் கொடுங்கள், அல்லது ஒன்றும் சொல்லாமலே விலகுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

திகதியையும் நடந்ததையும் இன்றே எழுதி வையுங்கள். அவர் பிரதேச செயலகத்தில் பணிபுரிபவரானால் பிரதேச செயலாளரிடமும், நிறுவனமொன்றைச் சேர்ந்தவரானால் அதன் பொறுப்பாளரிடமும் முறையிடலாம். தொடுகை பாலியல் நோக்குடையதாக மாறினால், அது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வரும் குற்றம். பெண்களுக்கான 1938 இலக்கத்தில் உதவி கேட்கலாம். அம்மாவின் துக்கம் இன்னும் ஆறவில்லை என்பதால் உதவி பெறுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பெண் உளவளத்துணையாளர் ஒருவரைக் கேட்டுப் பெறலாம், அதுவரை தேசிய மனநல உதவி இலக்கமான 1926 உடன் பேசலாம்.