வாசகர் கேள்வி பதில்: ஜூலு ராஜ்ஜியம் எப்படி விழுந்துச்சு?

கேள்வி: ஜூலு வீரர்கள் ஈட்டிய வச்சே பிரிட்டிஷ் படைய அழிச்சாங்கன்னு ஒரு வீடியோல பார்த்தேன் சார், உண்மையா? அப்படி ஜெயிச்சவங்க எப்படி நாட்டை இழந்தாங்க? (வாசகர், தேனி)

பதில்: உண்மைதாங்க. 1879 ஜனவரி 22, தென்னாப்பிரிக்காவுல ஜூலு ராஜ்ஜியத்துக்குள்ள இருக்கிற இசான்டில்வானா மலையடிவாரம். பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்டு பாதிப் படையோட ஜூலுக்களைத் தேடிக் கிளம்பிட்டாரு, முகாமைச் சுத்தி ஒரு அரண் கூட போடல, அங்க சுமார் இருபதாயிரம் ஜூலு வீரர்கள் மாட்டுக்கொம்பு மாதிரி ரெண்டு பக்கமும் வளைச்சு நடுப்படை நேரா மோதி, அன்னிக்கு பிரிட்டிஷ் தரப்புல 1,300 பேருக்கு மேல செத்தாங்க. ஜூலுக்கள்கிட்ட பழைய துப்பாக்கிங்களும் இருந்துச்சு, வெறும் ஈட்டின்னு சொல்றது சரியில்ல. ஜூலு பக்கமும் ஆயிரத்துக்கு மேல உயிர் போச்சு, அதை அந்த வீடியோக்காரங்க சொல்றதே இல்ல.

ஆனா எனக்கு வயிறு எரியறது போர் தொடங்கின விதத்துலதாங்க. எல்லைத் தகராறை விசாரிக்க பிரிட்டிஷ்காரங்களே வச்ச கமிஷன் பெரும்பாலும் ஜூலுக்கள் பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. அந்தப் பகுதிக்கான பிரிட்டிஷ் உயர் அதிகாரி, ஹை கமிஷனர் பார்ட்டில் ஃப்ரேர் அதை மாசக்கணக்கா அமுக்கி வச்சுட்டு, 1878 டிசம்பர் 11 அன்னிக்கு தீர்ப்போட சேர்த்து ஒரு கெடுவையும் நீட்டினாரு, முப்பது நாள்ல உங்க படை அமைப்பைக் கலைச்சுடணும்னு. அங்க படைங்கிறது தனி வேலை இல்ல, ஒரே வயசுப் பசங்க எல்லாம் ஒரே ரெஜிமென்ட்ல சேந்து ராஜாவுக்கு உழைப்பாங்க, ராஜா சொன்னாதான் கல்யாணம், அதைக் கலைன்னா சமூகத்தையே கலைன்னு அர்த்தம். மன்னர் செட்ஷ்வாயோ எப்படி ஒத்துக்குவாரு? லண்டன்ல இருந்து இப்போ போர் வேணாம்னு சொல்லியும் கேக்காம 1879 ஜனவரி 11 பிரிட்டிஷ் படை உள்ள நுழைஞ்சுச்சு. பக்கத்துல இருந்த பிரிட்டிஷ் காலனியான நட்டாலுக்குள்ள போகாதீங்கன்னு தன் படைய தடுத்தவர் செட்ஷ்வாயோ, அதை மீறித்தான் ஒரு பிரிவு அங்க இருந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட்ங்கிற பிரிட்டிஷ் காவல் முகாமைத் தாக்கப் போச்சு.

இசான்டில்வானா தோல்விக்கு அப்புறம் லண்டன் கூடுதல் படைய அனுப்பி, ஜூலை 4ல ஜூலு தலைநகர் உலுண்டியில கேட்லிங் கன்னு (கைப்பிடியைச் சுத்தி வேகமா சுடுற துப்பாக்கி), பீரங்கின்னு சதுர வியூகம் கட்டி முடிச்சுட்டாங்க. மன்னரைப் பிடிச்சு கேப்டவுனுக்கு கொண்டு போயிட்டாங்க. அதைவிடக் கொடுமை, பிரிட்டிஷ் ஜெனரல் வுல்ஸ்லி நாட்டை 13 துண்டா வெட்டி ஆளுக்கொரு தலைவனை வச்சாரு, அதுல ஜான் டன்னுன்னு ஒரு வெள்ளைக்காரரும் உண்டு. அண்ணன் தம்பி மாதிரி இருந்தவங்க அடிச்சுக்கிட்டாங்க. 1883ல மன்னரைத் திருப்பி அனுப்பினப்போ சிப்பெபுங்கிற தலைவன் அவரோட ஊரையே கொளுத்துனான். அடுத்த வருஷம் மன்னர் போய் சேந்துட்டாரு, அவர் மகன் டினுசூலு உதவி கேட்டு போயர் குடியேறிகளைக் (டச்சு வம்சாவளி வெள்ளைக்கார விவசாயிங்க) கூப்பிட்டதுக்கு அவங்க கேட்ட கூலி நிலம், மிச்சத்தை 1887ல பிரிட்டன் எடுத்துக்கிச்சு.