அவருக்கா பதில் சொன்னீர்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

சில ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் எழுதி வருகிறேன். உடல்நலம், அறிவியல் பற்றி உலவும் பொய்ச் செய்திகளை மறுத்து எழுதுவது என் வழக்கம். பொறுப்போடும் எழுத வேண்டும், நாலு பேரிடம் போய்ச் சேரவும் வேண்டும். அதற்கு என்ன வழி? சொந்தப் பெயரில் எழுதுவதா, புனைபெயரிலா? வசைபாடுபவர்களை ப்ளாக் செய்வது கோழைத்தனமா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதற்குக் கொடுக்கலாம்?

சென்ற மாதம் தடுப்பூசி பற்றி ஒருவர் போட்டிருந்த அபத்தமான கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு பதில் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பகிரப்பட்டது அதுதான். அவர் கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டார். சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை வெளியிடுகிறேன். பெயரை எடுத்தது நான். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். ப்ளாக் செய்யுங்கள், தாராளமாக. உட்கார்ந்து வசை கேட்கும் கடமை யாருக்கும் இல்லை. பெயர் விஷயம் அவரவர் சூழ்நிலையைப் பொறுத்தது. முகம் காட்டாமல் கண்ணியமாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முழுப்பெயர், புகைப்படம், வேலை விவரம் எல்லாம் போட்டுவிட்டு வாய் கூசாமல் திட்டுபவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பதெல்லாம் என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பதிவைத் தேடிப்போய்ப் பார்த்தேன். தடுப்பூசி உடலுக்குள் என்ன செய்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் பத்திகள் அருமை. பள்ளிக்கூடத்தில் பாடமாகவே வைக்கலாம். ஆனால் அவற்றுக்கு மேலே அந்த மனிதரின் கமெண்ட் முழுப்பெயரோடு நிற்கிறது. முகப்புப் படத்தில் அவர் தோளில் ஒரு குழந்தை. சின்ன வட்டம்தான், ஆனால் பெரிதாக்கினால் குழந்தையின் முகம் தெரிகிறது. அதை மறைக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? படம் எடுத்த அதே போனில் அந்த வசதியும் இருக்கிறதே!

சரி, அவர் என்ன எழுதியிருக்கிறார்? ஊசி விஷம், டாக்டர்கள் எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்கிறார். அபத்தம்தான். நடுவில் ஒரு வரி இருக்கிறது: என் பிள்ளைக்குப் போட்ட அன்று ராத்திரியே காய்ச்சல் வந்துவிட்டது. விஷம் உங்கள் கண்ணில் பட்டது, காய்ச்சல் படவில்லை. பிள்ளைக்கு உடம்பு கொதித்து ராத்திரி முழுக்க விழித்திருந்த ஒரு தகப்பன் அந்த வரியில் உட்கார்ந்திருக்கிறார். ஊசிக்குப் பிறகு லேசாகக் காய்ச்சல் வருவது சாதாரணம், உடலின் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யத் தொடங்கியதன் விளைவு அது, பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும், அதிகமாக இருந்தாலோ நீடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். உங்கள் பத்திகளை இரண்டு முறை படித்தேன். காய்ச்சல் என்ற சொல்லே அதில் இல்லை.

அப்படியானால் யாருக்குப் பதில் எழுதினீர்கள்?

மற்றவர்கள் ஏமாறக் கூடாதே என்று சொல்வீர்கள். நியாயம்தான். பொதுவெளியில் ஒரு பொய்க்கு மறுப்பு எழுதும்போது, படிக்கிற மூன்றாம் ஆளும் முக்கியம். ஆனால் உங்கள் பதிவின் கீழே போய்ப் பாருங்கள். தடுப்பூசி பற்றி ஒரு சந்தேகம் கேட்டவர் உண்டா? “வெச்சு செஞ்சுட்டீங்க தலைவா”, “செம அடி”, அந்தக் குழந்தையை வைத்துக்கூட ஒரு கேலி. பரவியது உங்கள் அறிவியல் என்று நம்புகிறீர்களா?

அதிகம் பகிரப்பட்டது அதுதான் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் அங்கேதான். 2021இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 7,331 பேர் எழுதிய 1 கோடியே 27 லட்சம் ட்வீட்களை ஆராய்ந்தார்கள். ஆவேசமாகக் கண்டித்து எழுதி அதற்கு லைக்கும் ரீட்வீட்டும் வாங்கியவர்கள், அடுத்தடுத்து அதே ஆவேசத்தோடு எழுதும் வாய்ப்பு கூடியிருந்தது. கூட்டம் கைதட்டித் தட்டியே ஆளைப் பழக்கிவிடுகிறது. நீங்கள் நல்லவர். உறுத்துகிறது என்கிறீர்கள். அடுத்த முறை கொஞ்சம் குறைவாக உறுத்தும். அப்புறம் யாராவது அபத்தமாக எழுதமாட்டார்களா என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். பணி ஓய்வு பெற்ற பிறகுதான் முகநூலுக்கு வந்தார். தீராத நோய்க்கு வீட்டிலேயே மருந்து என்று யாரோ அனுப்பிய ஃபார்வர்டை, நாலு பேருக்கு உதவட்டுமே என்று தன் பக்கத்தில் போட்டுவிட்டார். தப்பு என்று ஒருவர் சொன்னதும் அழித்தும்விட்டார். ஆனால் அதற்குள் வேறொருவர் படம் எடுத்துத் தன் பக்கத்தில் ஏற்றியிருந்தார். நான் போனபோது அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, விரலால் எழுத்தைப் பெரிதாக்கி, அங்கே வந்திருந்த கமெண்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் கீழும், “மன்னிக்கவும் ஐயா, நீக்கிவிட்டேன்” என்று ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அந்த மன்னிப்பையும் படம் எடுத்து ஒருவர் சிரித்திருந்தார். “மூடி வையுங்கள்” என்றேன். “இன்னும் இவ்வளவு பேருக்குப் பதில் சொல்லலையே” என்றார். அத்தனை பேரும் தன்னிடம் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்! அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரை முன்னே பின்னே தெரிந்தவர்கள்கூட இன்பாக்ஸில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறர் எழுத்தை எடுத்து மேற்கோளாகத் தன் கூட்டத்துக்கு முன் வைக்கும் வசதியை ட்விட்டர் 2015இல் கொண்டுவந்தது. ட்விட்டரைப் போன்ற இன்னொரு தளமான மாஸ்டடானை உருவாக்கிய யூஜென் ரோச்கோ, இது பகையைத்தான் வளர்க்கும் என்று பல ஆண்டுகள் அந்த வசதியைத் தரவே மறுத்தார். 2025இல் ஒருவழியாகச் சேர்த்தபோதும், தன்னை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே முடிவு செய்யலாம், பிறகு விலக்கிக்கொள்ளவும் செய்யலாம் என்று வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ப்ளூஸ்கை என்ற அதே மாதிரியான தளத்தில், மேற்கோள் காட்டப்பட்ட தன் பதிவைக் கழற்றிக்கொள்ளும் வழி வந்துவிட்டது. இயந்திரம் செய்பவர்களுக்கே உறைத்திருக்கிறது பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இந்த எதுவும் கிடையாது. எழுதியவர் திருத்தலாம், அழிக்கலாம், மனம் மாறி எதிர்த்தரப்புக்கே வந்துவிடலாம். படம் மாறாது. தெரியாமல் பேசிய ஒருவருக்குத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே அது மறுத்துவிடுகிறது. கோபத்தோடு சொல்கிறேன், இது கற்றுக்கொடுப்பவர் செய்யும் வேலையே இல்லை.

எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் ஒன்றைச் சொல்லிவிட்டு நழுவினால் அதுதான் சாட்சி. தேதியோடு எடுங்கள். யாராவது மிரட்டினாலும் எடுத்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது தேவைப்படும். நாற்பது பேர் பின்தொடரும் ஒரு தகப்பன் எந்த வகையில் இதில் வருகிறார்?

அவருடைய கமெண்டுக்குக் கீழேயே பதில் எழுதியிருக்கலாம். பலருக்கும் இருக்கும் பயம் என்று தோன்றினால், ஊசி போட்டதும் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டுமா என்று யார் பெயரும் இல்லாமல் தனிப்பதிவு போட்டிருக்கலாம். இதில் பத்தில் ஒரு பங்குகூடப் பகிரப்பட்டிருக்காது. அதனால் என்ன? ராத்திரி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு போனை எடுத்துத் தேடுகிற ஒருவருக்கு அது கிடைத்திருக்கும். போய்ச் சேர வேண்டும் என்று கேட்டீர்களே, அதைவிடப் போய்ச் சேர என்ன இருக்கிறது?

இத்தனை திட்டுவதற்கு நீங்கள் எனக்கு வேண்டியவர் என்பதுதான் காரணம். சரியாகத்தான் செய்தேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே உறுத்துகிறது என்றும் எழுதக்கூடியவர்கள் அங்கே அதிகம் இல்லை.

அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. இதை எழுத உட்காரும் முன் பார்த்தேன், கேலி வந்துகொண்டேதான் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். உங்கள் பத்திகளை மட்டும் தனியாகப் போடுங்கள், காய்ச்சலைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு. அவரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று கிளம்ப வேண்டாம், அதைப் பொதுவில் எழுதவே வேண்டாம். மறுபடியும் எல்லாரும் அவர் பெயரைத்தான் தேடுவார்கள்.

அன்புடன்.