கோட்டையில் தங்கப் போகிறீர்களா? எந்த அறை என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை. மகன் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் எங்களை வரச் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் தார்ன்பரியில் பழைய கோட்டை ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களாம், அங்கே இரண்டு ராத்திரி தங்க வைக்கிறேன் என்கிறான். வாடகையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. வீட்டுக்காரருக்கு மூட்டு வலி வேறு, நாங்கள் சைவம். இது தண்டச் செலவுதானே?

பதில்: தண்டம் என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. பக்கிங்காம் பிரபு எட்வர்ட் ஸ்டாஃபோர்ட் 1511-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை அது. 1521-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி அவர் தலையை வாங்கிவிட்டுக் கோட்டையையும் எடுத்துக்கொண்டார், 1535-ல் மனைவி ஆன் பொலினோடு வந்து தங்கவும் செய்தார். நம் பாளையங்கோட்டையில் கோட்டை என்று பேர் இருக்கிறதே தவிர வாசலும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம், பாஞ்சாலங்குறிச்சியை இடித்துத் தரைமட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அதனால் ஐநூறு வருஷச் சுவருக்குள் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் நீங்கள் காசு கொடுப்பது கோட்டைக்கு இல்லை, ஒரு அறைக்கு. இந்த மாதிரி இடங்களில் ஏமாற்றம் வருவதே இங்கேதான். படத்தில் கோபுரத்தைக் காட்டுவார்கள், குறைந்த வாடகை அறை பார்த்தால் பழைய குதிரை லாயத்திலோ பின்னால் கட்டிய புதுப் பகுதியிலோ இருக்கும். அதற்காக நேரே கோபுர அறையைக் கேட்டுவிடாதீர்கள், அங்கே போகக் குறுகலான சுழல் படிக்கட்டாக இருக்கும், கல் படி ஒரு பக்கம் அகலமாகவும் உள்பக்கம் விரற்கடை அளவாகவும் குறுகிப் போகும், கைப்பிடி சில இடங்களில் வெறும் கயிறுதான். ஏறுவதை விட இறங்குவதுதான் மூட்டு வலிக்காரருக்குக் கஷ்டம். லிஃப்ட் வைக்கக் கூடாதா என்றால், இது முதல் நிலைப் பாதுகாப்பில் உள்ள கட்டடம், அனுமதி வாங்காமல் சுவரில் கை வைக்க முடியாது.

ஆகவே மகனை ஹோட்டலுக்கே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். அறை பிரதான கட்டடத்திலா, எந்த மாடி, எத்தனை படி, லிஃப்ட் உண்டா, கட்டில் எவ்வளவு உயரம் (நாலு தூண் வைத்த பழைய பாணிக் கட்டிலுக்கு முக்காலி போட்டு ஏற வேண்டி வரும்), குளிக்கத் தொட்டி மட்டும்தானா இல்லை நின்று குளிக்கிற ஷவர் தனியாக உண்டா? தொட்டி விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதை லேசாக நினைக்காதீர்கள். பதில் எழுத்தில் வர வேண்டும், போனில் சொன்னது கணக்கில் சேராது. சொன்ன அறை இல்லாமல் வேறு அறை கொடுத்தால் கையில் காட்ட அந்தக் கடிதம்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் முட்டை வரும். முட்டை, மீன், இறைச்சி, இறைச்சி சூப்பு எதுவும் கூடாது என்று விவரமாகவே எழுதட்டும்.

பணம் கட்டும்போது மகன் தன் கிரெடிட் கார்டிலேயே, ஹோட்டலுக்கு நேராகக் கட்டட்டும். அங்கே 1974-ஆம் வருஷக் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள சேவைக்கு ஹோட்டலோடு சேர்த்து கார்டு கம்பெனியும் பொறுப்பு. நடுவில் புக்கிங் தளம் புகுந்தால் இந்த உரிமை சிக்கலாகலாம். இன்னொன்று, ஆன்லைனில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாம் என்கிற விதி தேதி குறித்த ஹோட்டல் அறைக்குப் பொருந்தாது. உங்களுக்கு விசா கைக்கு வருவதற்கு முன்னால் 'பணம் திரும்பாது' வகை வாடகையைத் தொடவே வேண்டாம், விலை கொஞ்சம் கூடினாலும் ரத்து செய்யக்கூடியதையே எடுங்கள்.

அப்புறம், நம் ஜங்ஷன் லாட்ஜ் மாதிரி 24 மணி நேரக் கணக்கு அங்கே கிடையாது. பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்குமேல்தான் சாவி, மறுநாள் பதினொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு ராத்திரி வேண்டாம். ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு ராத்திரி போதும், வார இறுதியை விட வாடகை குறைவாக இருக்கும். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் சுற்றிப் பார்க்க நேரம் தாராளம். படி ஒத்துவராது என்று பதில் வந்தால் தங்கவே வேண்டாம், சாயங்கால டீக்கு முன்கூட்டியே இடம் பிடித்துப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், செலவு பல மடங்கு குறையும்.

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். செட்டிநாட்டுப் பக்கம் பழைய பங்களா ஹோட்டல் ஒன்றில் தங்கினோம். போனில் சொன்னது 7,600, பில்லில் 8,968. சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் தனி. இது சரியா?

பதில்: வரி சரிதான். ஒரு நாள் அறை வாடகை 7,500 வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18. உங்களுக்கு 1,368 ரூபாய் வரி. அறை 7,500 என்று இருந்திருந்தால் 375-தான், மொத்தம் 7,875. நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது! அடுத்த முறை இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் விலை சொன்னால் தயங்காமல் குறைத்துக் கேளுங்கள், வரியோடு சேர்த்து எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் வேறு கதை. கேட்காமல் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லை வைத்துக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். வழக்கு வரை போக வேண்டியிருந்தாலும் ஹோட்டல் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அதாவது திருநெல்வேலியில். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை.