காரைக்குடிப் பக்கம் கிடைக்கும் தழைகளை வைத்து வீட்டிலேயே வலி எண்ணெய் காய்ச்சுவது எப்படி? போன தடவை காய்ச்சியது ஒரே மாதத்தில் பூசணம் பூத்துவிட்டது, ஏன்?

பூசணத்துக்குத் தழை காரணமில்லை, தண்ணீர்தான். எண்ணெயில் மட்டும் பூசணம் வளராது. அடியில் தங்கிய சாற்றிலும் சக்கையிலும்தான் வளரும். அதனால் தழையைவிடப் பதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம்.

நம் செம்மண் பூமியில் கண்மாய்க்கரை, வேலியோரம் தேடினால் மூன்று போதும். நொச்சி: ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து இலை, அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு, கசக்கினால் மூக்கில் ஏறும் வாடை. வாதநாராயணன்: மயில்கொன்றை போலப் பொடி இலை, பூ வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும். முடக்கத்தான்: காற்றடைத்த பை மாதிரிக் காய், உள்ளே கறுப்பு விதையில் இதய வடிவில் வெள்ளைப் பொட்டு. அடையாளம் பொருந்தாததைப் பறிக்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, ஊமத்தை நஞ்சு. இரண்டையும் வைத்தியரிடம் விட்டுவிடலாம். களைக்கொல்லி அடித்த வரப்பும் தார்ச்சாலை ஓரமும் வேண்டாம்.

அளவு: செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர். நொச்சி 400 கிராம், வாதநாராயணன் 400, முடக்கத்தான் 200. கழுவி ஈரம் உலர்த்தி இடித்துப் பிழிந்தால் எல்லாம் சேர்த்து 1 லிட்டர் சாறு வேண்டும். நொச்சி லேசில் சாறு விடாது. தண்ணீர் தெளித்துத்தான் இடிக்கவேண்டும். சாறு குறைந்தால் சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டுப் பிழியலாம், எப்படியும் வற்றத்தான் போகிறது. சுக்கு 25 கிராம், கருஞ்சீரகம் 25 கிராம் இரண்டையும் அதே சாற்றில் கொஞ்சம் விட்டு விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பதத்துக்கு வந்துவிட்டதா என்று காட்டுவதே இந்த விழுதுதான். கடையில் 'தீப எண்ணெய்' என்று விற்பதை நல்லெண்ணெய் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது விளக்குக்கு மட்டும்.

பாத்திரம் ஆறு லிட்டராவது பிடிக்கட்டும். இரண்டு லிட்டர் சரக்குக்கு எதற்கு இவ்வளவு என்றால், நுரை பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும். அடி கனமான இரும்புச் சட்டியோ எவர்சில்வரோ போதும்.

எண்ணெய், சாறு, விழுது மூன்றையும் ஒன்றாக விட்டு நடுத்தர அனலில் வையுங்கள். சாறு இருக்கும்வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் கருகாது. பலர் இங்கேதான் ஏமாறுவார்கள். சாறு வற்றிய நொடியிலிருந்து சூடு மளமளவென்று ஏறும். ஐந்து நிமிடம் கவனிக்காவிட்டால் விழுது கறுத்து எண்ணெயில் தீய்ந்த வாடை அடிக்கும். அந்த வாடையைப் பிறகு எதைப் போட்டும் எடுக்க முடியாது. ஆகவே சடசடப்பு குறையத் தொடங்கியதும் தீயைச் சிறுக்குங்கள். விழுது அடியில் படியாமல், அடியைச் சுரண்டும்படி தட்டையான கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும்.

இனி பதம். கரண்டியில் துளி விழுது எடுத்து ஆறவிட்டு விரலில் உருட்டுங்கள். சேறு மாதிரி ஒட்டினால் ஆகவில்லை. மெழுகு போல விரலில் ஒட்டாமல் திரியாகத் திரண்டால் சரி. மணல் மாதிரி உதிர்ந்தால் மெழுகுப் பதம் தாண்டி மணல் பதம்; உடனே இறக்குங்கள். மெழுகாகத் திரண்ட திரியை அடுப்பைவிட்டுத் தள்ளி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் உள்ளே இன்னும் தண்ணீர். சத்தமின்றி எரிந்தால் முடிந்தது. உங்கள் போன தடவை எண்ணெய் இந்தச் சோதனையில் வெடித்திருக்கும் என்பது என் ஊகம்.

கைபொறுக்கும் சூட்டில், நன்றாக உலர்ந்த பழைய வேட்டித்துணியில் வடிகட்டுங்கள். தானாக இறங்கியதைத் தனியாகவும் பிழிந்ததைத் தனியாகவும் வையுங்கள். பிழிந்ததில் வண்டல் இருக்கும், அதை முதலில் தீர்த்துவிடலாம். இரண்டையும் சேர்த்து அளந்து 1 லிட்டருக்கு மேல் வந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் நிற்கிறது, திரும்ப அடுப்பேற்றுங்கள். பச்சைக்கற்பூரம் சேர்ப்பதானால் 10 கிராம், அடுப்பை அணைத்துத் தள்ளி வைத்து வெதுவெதுப்பில் மட்டும். அதன் ஆவி தீயைப் பிடிக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரமே வேண்டாம். குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

வெயிலில் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஓரிரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தெரிந்தால் மேலெண்ணெயை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். ஈரக்கையை உள்ளே விட்டால் இவ்வளவு உழைப்பும் வீண்.

பச்சைத் தழையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கும் முறையும் ஒன்று உலவுகிறது. தழையின் ஈரம் முழுக்க எண்ணெயில் இறங்குவதால் அது கெடாமல் இருந்தால்தான் அதிசயம். நொறுங்கும்வரை நிழலில் காய்ந்த இலை என்றால் செய்யலாம்.

முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தேய்க்கத் தொடங்குங்கள். புண், சூடாக வீங்கிய மூட்டு, முகம் ஆகியவற்றில் படக்கூடாது. கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் தேய்த்து அரைமணி கழித்துப் பயத்தமாவு போட்டுக் குளிக்கலாம். தேய்த்த காலோடு வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) நடக்கவேண்டாம், வழுக்கிவிடும்.